மீமி கதவைத் தட்டும்போது: இத்தாலிய மொழி வகுப்பில் ஓபரா காணொளி

ஓபராவை மொழி வகுப்புக்குக் கொண்டுவரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் படியிலேயே. புகழ்பெற்ற பாட்டாகத் தேடி எடுக்கிறார்கள். புச்சீனியின் 'நெஸ்ஸுன் தோர்மா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பிறகு, ஓபரா பக்கமே தலைவைக்காதவர்களுக்கும் அந்த மெட்டு தெரியும். ஆனால் ஆறு மாதம் இத்தாலியம் படித்த ஒருவருக்கு அதில் என்ன கற்றுக்கொடுப்பது? 'யாரும் உறங்க வேண்டாம்' என்ற தொடக்கத்திலேயே கொன்ஜுன்தீவோ என்னும் வினைவடிவம் வந்து நிற்கும். அதை விளக்க அரைமணி ஆகும், பாட்டு மூன்றே நிமிடம்.

காட்சியைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள் போதும். இந்த வாரம் நடத்தப்போகும் இலக்கணம் இதில் இருக்கிறதா? பாடுபவரின் சொல் காதில் விழுகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' கிடைத்தால் அந்தப் பாட்டை யாரும் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும் எடுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றால் எவ்வளவு பெரிய பாடகர் பாடியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இந்தச் சல்லடையில் முதலில் நிற்பது 'லா போஹேம்' முதல் அங்கத்தின் பின்பாதி. தூரின் நகரில் 1896 பிப்ரவரி 1 அன்று தொஸ்கனீனி இசைக்குழுவை நடத்த மேடையேறிய ஓபரா. பாடல் வரிகளை எழுதியவர்கள் இல்லிக்காவும் ஜக்கோஸாவும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பாரிஸில் கூரையை ஒட்டிய ஒரு குளிர்ந்த அறை. கவிஞன் ரொதோல்ஃபோ தனியாக எழுத உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து அறைப் பெண் மீமி, கையிலிருந்த மெழுகுவத்தி அணைந்துவிட்டதென்று கதவைத் தட்டுகிறாள். அடுத்த மூன்று நிமிடத்தில் இருவரும் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி, இன்றைக்கும் ஓர் இத்தாலிய அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வதுதான்.

'ஸ்கூஸி' என்கிறாள், மன்னியுங்கள். 'வொர்ரெப்பே?' என்கிறாள், ஏற்றித் தருகிறீர்களா என்று கேட்க வந்த பாதி வாக்கியம். 'ஸக்கோமொதி உன் மொமேன்தோ', கொஞ்சம் உட்காருங்கள். 'லா ப்ரேகோ, ஏன்த்ரி', தயவுசெய்து உள்ளே வாருங்கள். 'ஸி ஸேன்தே மாலே?', உடம்பு சரியில்லையா? அவளுக்கு மூச்சு வாங்குகிறது, மாடிப்படியைக் காரணம் சொல்கிறாள். 'உன் போ தி வீனோ?', கொஞ்சம் வைன்? 'போக்கோ, போக்கோ', கொஞ்சமாக. 'கொஸீ?', இவ்வளவு போதுமா? 'க்ராட்ஸியே.' 'ப்வோனா ஸேரா.' எல்லாம் ஒன்றிரண்டு சொல்லில் முடிகிற வாக்கியங்கள். புச்சீனி இவற்றைப் பேச்சின் வேகத்திலேயே இசையமைத்திருக்கிறார், இழுவையில்லை, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாடுவதுமில்லை. ஏ1 என்னும் தொடக்க நிலையை முடிக்கப்போகிறவர்களுக்கு இதைவிட ஏற்ற இடம் ஓபராவில் அரிது.

தொண்ணூறு நிமிட வகுப்புக்கு இந்த மூன்று நிமிடமே தாராளம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

முதல் சுற்றில் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். பலகையில் நான்கு கேள்விகள்: இவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், அவள் கையில் என்ன, அவன் என்ன கொடுக்கிறான்? ஒலி இல்லாமல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஓபராக் குரலை முதல்முறை கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், அது இயல்பு. முதல் நிமிடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டால் பிறகு சொல்லைக் கவனிக்க ஆள் இருக்காது. கதை தெரிந்தபின் குரல் வந்தால் சிரிப்பு சீக்கிரம் அடங்கும். கூடவே ஒரு வரி சொல்லிவையுங்கள்: மைக் இல்லாமல், ஒரு முழு இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குரல் அப்படிப் பழக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, உரையாடலில் பதினான்கு வரிகளைத் தனித்தனித் துண்டாக வெட்டி, கலைத்து, இருவருக்கு ஓர் உறை கொடுங்கள். 24 மாணவர் என்றால் 12 உறை. இன்னும் ஒலி போடவில்லை. படத்தில் பார்த்ததை நினைவில் வைத்துத் துண்டுகளை வரிசைப்படுத்த வேண்டும். பத்து நிமிடம் ஆகும். பதினான்குக்கு மேல் துண்டு போனால் மேசை கலவரமாகும், பத்துக்குக் குறைந்தால் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். 'க்ராட்ஸியே' போல ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வரும் சொல்லை ஒரே ஒரு துண்டாக மட்டும் வையுங்கள். இல்லையென்றால் சரியான விடை இரண்டாகி வாக்குவாதம் வரும்.

இதற்குப் பிறகே ஒலியும் படமும் சேர்ந்து, இரண்டு முறை. முதல் முறை வரிசையைச் சரிபார்க்க, இரண்டாம் முறை எதற்குமில்லை, சும்மா பார்க்க. அந்தச் சும்மா பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் முறை வரும்போது வரிகள் தாமாகப் புரிகின்றன என்பதை மாணவர் உணர்வது அங்கேதான்.

பிறகு உரையைப் பேச்சாக வாசிக்க வேண்டும். பாடச் சொல்லாதீர்கள். பாடத் தெரிந்த ஒருவர் தானாகப் பாடினால் பாடட்டும், மற்றவர்களைக் கட்டாயப்படுத்தினால் அடுத்த வகுப்புக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள். கடைசி இருபது நிமிடம் காட்சியை மாற்றி நடிப்பது: மெழுகுவத்திக்குப் பதில் கைப்பேசி சார்ஜர், உப்பு, பூட்டிக்கொண்ட கதவு. ஒருமுறை மரியாதை வடிவில், ஒருமுறை நண்பர்கள் வடிவில். மாறும் சொற்களைப் பலகையில் இணையாக எழுதிவிடுங்கள்: ஸ்கூஸி, ஸ்கூஸா. ஸக்கோமொதி, அக்கோமொததி. ஏன்த்ரி, ஏன்த்ரா. ஸி ஸேன்தே, தி ஸேன்தி. வொர்ரெப்பே, வொர்ரெஸ்தி. முதலில் இருப்பது மரியாதை, அடுத்தது நெருக்கம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 'ஆரே' ஈற்று வினைகளின் சாதாரண நிகழ்காலத்தில் 'இ' ஈறு நெருக்கமான முன்னிலைக்கும், 'ஆ' ஈறு படர்க்கைக்கும், ஆகவே மரியாதைக்கும் உரியது. ஏவலில் 'ஸ்கூஸி, ஸ்கூஸா', 'ஏன்த்ரி, ஏன்த்ரா' என்று வரும்போது அது அப்படியே தலைகீழாகிறது. மரியாதை ஏவல் கொன்ஜுன்தீவோவிலிருந்து கடன் வாங்கியது என்பதுதான் காரணம். இந்த நிலையில் அந்தக் காரணத்தைச் சொல்லாமல், காட்சியையே நினைவுக்கொக்கியாக்குங்கள். முன்பின் தெரியாதவனின் கதவுக்கு வெளியே நின்று மீமி சொல்வது 'ஸ்கூஸி'. ஒருமுறை மனத்தில் ஒட்டிக்கொண்டால் போகாது.

மரியாதை வடிவமான 'லேய்' நேர்ப்பொருளில் 'அவள்' என்ற படர்க்கைச் சொல்தான். ஆங்கிலம் வழியாக விளக்கினால் இது விநோதமாகத் தெரியும். தமிழில் விளக்கினால் தெரியாது: முன்னால் நிற்பவரிடமே 'ஐயா எப்போ வந்தாங்க?' என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டு. தமிழர்களுக்கு இத்தாலியம் கற்பிக்கும்போது ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது பல இடங்களில் வீண்வேலை.

மீமி காட்சியிலேயே இதற்கு வேறு சான்றுகளும் இருக்கின்றன. விளக்கு அணைந்ததை அவள் 'மி ஸே ஸ்பென்தோ இல் லூமே' என்கிறாள். அந்த 'மி' நம் 'எனக்கு விளக்கு அணைஞ்சு போச்சு' என்பதிலுள்ள 'எனக்கு'. சற்றுப் பின்னால் அவள் பாடும் பாட்டில் 'மி ப்யாச்சொன் க்வெல்லே கோஸே' என்று வரும்: எனக்கு அந்தப் பொருள்கள் பிடிக்கும். ஆங்கிலத்தில் சிந்திப்பவர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. தமிழில் நான்காம் வேற்றுமை அதே இடத்தில் அப்படியே உட்காருகிறது. தமிழ் மாணவர் தவறுவது வேறோர் இடத்தில்: நமக்கு ஒன்று பிடித்தாலும் ஒன்பது பிடித்தாலும் 'பிடிக்கும்'. இத்தாலியத்தில் ஒன்றென்றால் 'ப்யாச்சே', பலவென்றால் 'ப்யாச்சொனோ'. மீமியின் வரியில் 'பொருள்கள்' என்ற பன்மை கண்முன்னே இருப்பதால், அந்த ஒரு வரியை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாடத்துக்கும் இந்த அங்கம் போதும். ரொதோல்ஃபோ தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்கிறான்: யார் நான்? கவிஞன். என்ன செய்கிறேன்? எழுதுகிறேன். எப்படி வாழ்கிறேன்? வாழ்கிறேன். கடைசிப் பதில் 'விவோ' என்ற ஒற்றைச் சொல். எழுவாய் இல்லாமல் வினை ஈறே 'நான்' என்று சொல்லிவிடுகிறது, 'வாழ்கிறேன்' போலவே. மீமியின் பதில் 'மி கியாமனோ மீமி', என்னை மீமி என்பார்கள். பாடப்புத்தகத்தில் படித்த 'மி கியாமோ' அல்ல இது, யார் என்று சொல்லாத 'அவர்கள்'. உண்மையான பெயர் லூசியா என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறாள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று வளர்ந்தவர்களுக்கு இதில் பயிற்சி தயாராக இருக்கிறது: என்னை இன்னார் என்பார்கள், என் பெயர் இன்னது, வீட்டிலும் வெளியிலும் இன்ன வேலை செய்கிறேன், தனியாக வாழ்கிறேன். நான்கு வாக்கியம். வீட்டுப்பாடமாக நாற்பது வினாடிக் குரல்பதிவு கேட்டால், எழுதச் சொல்வதைவிட நன்றாக வரும்.

பி1 என்னும் இடைநிலைக்குப் போனவர்களோடு இதே அங்கத்துக்குத் திரும்பி வருவது நல்லது. இப்போது வேலை வேறு. முதல் தட்டலிலிருந்து அங்கத்தின் முடிவுவரை உரையை அச்சிட்டு, மூன்று வண்ணப் பேனா கொடுங்கள். 'லேய்' ஒரு வண்ணம், 'நீங்கள்' என்னும் இன்னொரு மரியாதைச் சொல்லான 'வோய்' ஒன்று, 'நீ' என்னும் 'தூ' ஒன்று. ரொதோல்ஃபோ 'அஸ்பெத்தி, ஸின்யொரீனா' என்று லேய் வடிவில் தொடங்குகிறான். தன் கதையைச் சொல்லி முடித்ததும் 'இப்போது என்னைத் தெரிந்துகொண்டீர்கள், நீங்கள் பேசுங்கள்' என்று வோய்க்குத் தாவுகிறான். மீமி தாவவில்லை, 'லேய் மின்தேன்தே?' (புரிகிறதா?) என்று பழைய தூரத்திலேயே நிற்கிறாள். நண்பர்கள் கீழே காத்திருக்கிறார்கள் என்று சொல்லும்போதுதான் அவள் வோய்க்கு வருகிறாள், அதற்குள் அவன் 'தூ' ஆகிவிட்டான்: அதற்குள் என்னைத் துரத்துகிறாயா? 'உங்களோடு வந்தால்?' என்று அவள் கேட்பதும் வோய்தான். கடைசியில், என்னை நேசிப்பதாகச் சொல் என்று அவன் கேட்க, அவள் 'யோ தாமோ' என்கிறாள். அவள் வாயில் 'உன்னை' வருவது அங்கேதான்.

'வாங்க' எப்போது 'வா' ஆனது என்று நினைவு வைத்திருக்கும் சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாணவர்கள் தாங்களே வாதாடுவார்கள். ஒரே சரியான விடை இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் வடிவத்தைத் தீர்மானித்தது உணர்ச்சியா, அசைக்கணக்கா என்று பிரிக்க முடியாது. இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும்: இன்றைய பொது இத்தாலியத்தில் ஒருவரிடம் மரியாதையாகப் பேச லேய்தான். வோய் தெற்கில், நேப்பிள்ஸ் பக்கம், பெரியவர்களிடம் இன்னும் கேட்கும். முசோலினி அரசு 1938இல் லேயைத் தடுத்து வோயைத் திணித்தது, போர் முடிந்ததும் அந்தத் திணிப்பும் போயிற்று. பலெர்மோ போன்ற ஊர்களில் குடியேறி வாழும் ஈழத்தமிழர்க்கு அலுவலகச் சாளரத்தில் வேண்டியது லேய். ஓபராவில் கேட்டுப் பழகிய வோயோடு அங்கே போய் நிற்கக் கூடாது.

இதோடு சேர்ந்த ஆபத்து, பழைய சொற்கள். இத்தாலிய ஓபரா உரை செய்யுள் மொழி. கம்பராமாயணத்தில் தமிழ் படித்துவிட்டு வந்து நடத்துநரிடம் 'இப்பேருந்து யாண்டுச் செல்லும்?' என்று கேட்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்பேமே' என்றால் நம்பிக்கை, இன்று 'ஸ்பெரான்ட்ஸா'. 'அல்மா' இன்று 'ஆனிமா'. 'கோர்' இன்று 'க்வோரே'. 'நொல் ஸோ' இன்று 'நொன் லோ ஸோ'. மீமி 'மி ஃபோ' என்பதை இன்று 'மி ஃபாச்சோ' என்போம், அவள் சொல்லும் 'தி க்ராட்ஸியா' இன்று 'பெர் ஃபவோரே'. ஈறு வெட்டுவது வேறு: 'ஸோனோ' 'ஸொன்' ஆகும், 'அன்னோ' 'அன்' ஆகும், 'அமோரே' 'அமோர்' ஆகும். இவை பழைய சொற்களல்ல, அசைக்காகக் குறைத்தவை. இரண்டையும் கலக்காமல், அச்சிட்ட உரையில் வெட்டிய ஈறுகளுக்கு ஒரு குறியும் வழக்கொழிந்த சொற்களுக்கு இன்னொரு குறியும் போட்டுக்கொடுங்கள். பி1 முதல் இதையே பயிற்சியாக்கலாம்: எட்டு வரியை இன்றைய பேச்சு இத்தாலியத்தில் திருப்பி எழுது. மொட்டையாக மனப்பாடம் செய்வதைவிட இதில் இலக்கணம் அதிகம் படியும்.

ஓபராவின் குரல்களில் சொல் எங்கே கேட்கும், எங்கே கேட்காது என்பதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. 'இ', 'எ', 'ஆ' என்று உயிரெழுத்துகளை நம் காது பிரித்தறிவது வாய்க்குழியின் ஒத்ததிர்வுகளை வைத்து. சோப்ரானோ என்னும் உயர்ந்த பெண்குரல் மேலே போகும்போது பாடும் சுருதியே முதல் ஒத்ததிர்வைத் தாண்டிவிடுகிறது. அதன்பின் எந்த உயிரைப் பாடினாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். தாய்மொழிக்காரருக்கும் அப்படித்தான். மிலானின் லா ஸ்காலா அரங்கில் இத்தாலிய ஓபராவுக்கே இருக்கையின் பின்புறச் சிறு திரையில் இத்தாலிய உரை ஓடுகிறது. ஆகவே மாணவருக்குக் கேட்கவில்லையென்றால் அது அவர் காதின் குறையல்ல. தாழ்ந்த ஆண்குரல்களான பாரிட்டோன், பாஸ், சோப்ரானோவுக்குக் கீழான பெண்குரலான மெஸ்ஸோ ஆகியவற்றை முதலில் எடுங்கள். உயர்ந்த ஆண்குரலான டெனர் என்றால் உச்சம் இல்லாத பகுதியை. சோப்ரானோ என்றால் பேச்சோட்டமான இடங்களை மட்டும். மோட்சார்ட், ரொஸ்ஸீனி ஓபராக்களில் ஹார்ப்ஸிகார்டு என்னும் பழைய விசைப்பலகைக் கருவி மட்டும் துணைக்கு வரும், பேச்சுபோலப் பாடும் ரெசித்தத்தீவோ பகுதிகள் தங்கச் சுரங்கம். ரசிகர்கள் தள்ளிவிட்டுப் பார்க்கும் அந்தப் பகுதியில்தான் கதாபாத்திரங்கள் உண்மையில் பேசுகிறார்கள். நால்வர், ஐவர் ஒரே நேரத்தில் வேறுவேறு வரி பாடும் இடங்கள் இசையாக எவ்வளவு உயர்ந்தவையானாலும் மொழிப் பயிற்சிக்கு உதவா.

கோடிட்ட இடம் நிரப்பும் தாள் தயாரிக்கையில் இதே கணக்கு. இருபது வரிக்கு எட்டு, மிஞ்சினால் பத்துக் கோடு. உச்சஸ்தாயிச் சொல்லில் கோடு வைக்காதீர்கள்: ரொதோல்ஃபோவின் பாட்டில் டெனர் தொடும் உச்சம் 'ஸ்பெரான்ட்ஸா' என்ற சொல்லில் விழுகிறது, அரங்கமே காத்திருக்கும் அந்த இடத்தில் சொல் கரைந்துபோகும். அடுத்தடுத்த வரிகளில் கோடு வேண்டாம், முதலாவதை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது கடந்துவிடும். வினை நடத்தும் வாரம் என்றால் கோடுகள் எல்லாம் வினையில். பெயர்ச்சொல்லும் வினையும் கலந்துவைத்தால் மாணவர் எதைக் கேட்பதென்று தெரியாமல் தவிப்பார்.

தமிழ் வாய்க்கு எது எளிது, எது கடினம் என்பதையும் காணொளி காட்டிக்கொடுக்கும். இரட்டை மெய் நமக்கு இயல்பு. 'பேனா' என்பது துன்பம், 'பென்னா' என்பது பேனா. 'சேதே' தாகம், 'சேத்தே' ஏழு. ஆங்கிலம் மட்டும் பேசுபவர் தடுமாறும் இந்த வேறுபாட்டைத் தமிழர் முதல் நாளே பிடித்துக்கொள்வர். பாடகர் 'நொத்தே' என்று பாடுகையில் 'த்த'வுக்கு முன் ஒலி ஒரு கணம் நின்று எழுவதைக் காட்டுங்கள், அதுதான் இரட்டிப்பு. சிக்கல் ஒற்றை மெய்யில். தமிழில் இரு உயிர்களுக்கிடையே வரும் ஒற்றை வல்லினம் மெலிந்து ஒலிக்கும். 'சகடம்' என்பதில் வரும் க, ட இரண்டையும் உச்சரித்துப் பாருங்கள். அந்தப் பழக்கத்தில் மோட்சார்ட்டின் 'வோய் கே ஸபேதே'யைச் சொன்னால் ப, த இரண்டும் குரலொலியாக மாறிவிடும். திருத்தினால் உடனே எதிர்ப்பக்கம் போய் 'ஸப்பேத்தே' என்று இரட்டிப்பார்கள். வேண்டியது நடுவில்: ஒற்றையாக, ஆனால் மெலியாமல். இதனால்தான் இத்தாலிய உரையைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பயிற்சி செய்ய விடக் கூடாது. குடிப்பதும் பேரிக்காய்களும் தமிழில் ஒரே 'பேரே', பரிசும் தொனியும் ஒரே 'தோனோ'. இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதியிருப்பது வாசித்துப் போவதற்கு மட்டும்.

'ட' ஒலியும் வேண்டாம். இத்தாலிய t, d இரண்டும் பல்லில் நா படும் ஒலிகள், நம் 'தம்பி'யின் த போல. ஆங்கிலம் வழியே வந்தவர்கள் 'டி ஆமோ' என்பார்கள். 'தி ஆமோ' என்று நேராகச் சொல்லிக்கொடுங்கள். 'அமோர்' போல மெய்யில் முடிவதற்கு 'அமோரு' என்று உகரம் ஒட்டும் பழக்கம் வேறு, 'பஸ்ஸு' சொல்லும் நாக்கு அல்லவா.

மற்ற இலக்கணங்களுக்கு உகந்த சில காட்சிகள். எண்களுக்கு 'ஃபிகரோவின் திருமண'த்தின் முதல் காட்சி (1786 மே 1, வியன்னா). கட்டில் எங்கே போடலாம் என்று ஃபிகரோ அறையை அளக்கிறான்: 5, 10, 20, 30, 36, 43. மாணவரிடம் அளவுநாடா கொடுத்து மேசையை அளக்கவிடுங்கள், ஏ1க்கு அது போதும். பெரிய எண்களுக்கு 'தொன் ஜொவான்னி'யில் (1787, பிராக்) வேலைக்காரன் வாசிக்கும் பட்டியல்: இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்ஸில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் 1003. கேட்டு எழுதிக் கூட்டச் சொல்லுங்கள், 2065 வரவில்லையென்றால் எங்கோ தவறாகக் கேட்டிருக்கிறார். இது எஜமான் மயக்கிய பெண்களின் எண்ணிக்கை என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். எண்களின் முடிவில் 'ஊனா' என்று பெண்பால் வருவதும் அதனால்தான்.

சொல்வதெழுதுதலுக்கு 'ஃபிகரோ' மூன்றாம் அங்கத்துக் கடிதக் காட்சியை விஞ்ச ஒன்றுமில்லை, காட்சியே சொல்வதெழுதுதல்தான். சீமாட்டி சொல்லச் சொல்ல ஸுஸான்னா எழுதுகிறாள், எழுதும்போதே கடைசிச் சொற்களைத் திருப்பிப் பாடுகிறாள். மாணவர் ஸுஸான்னாவின் இடத்தில். இரண்டாம் முறை கேட்கும் வாய்ப்பு இசையிலேயே இருக்கிறது. 'ஸ்பிரெரா', 'கபிரா' என்று எதிர்காலமும் கிடைக்கும். மிச்சத்தை அவரே புரிந்துகொள்வார் என்பது கடைசி வரி.

தொடர் இறந்தகாலத்துக்கு 'தொஸ்கா'வின் (1900 ஜனவரி 14, ரோம்) மூன்றாம் அங்கப் பாட்டு. தூக்கு அல்ல, துப்பாக்கிச் சூட்டுக்குக் காத்திருப்பவன் பழைய இரவை நினைக்கிறான்: விண்மீன்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன, மண் மணந்தது, தோட்டக் கதவு கிரீச்சிட்டது, மணலில் காலடி உரசியது, அவள் வந்தாள், என் கைகளில் விழுந்தாள். ஆறு வினையும் அதே காலம். பிறகு கனவு மறைந்தது என்பதற்கு முற்றிறந்தகாலம், நேரம் பறந்துவிட்டது என்பதற்கு வேறோர் இறந்தகாலம், சாகிறேன் என்பதற்கு நிகழ்காலம். எது பின்னணி, எது நிகழ்வு என்று கோடு போட்டுப் பிரிக்கலாம். பழைய ஈறுகளான 'ஸ்த்ரிதேயா', 'கதேயா' இரண்டுக்கும் இன்றைய வடிவத்தைப் பக்கத்தில் கொடுங்கள். 1992இல் கதை நடக்கும் உண்மையான இடங்களிலேயே, அந்தந்த நேரத்திலேயே படமாக்கி நேரலையாக ஒளிபரப்பிய 'தொஸ்கா' ஒன்று உண்டு. மூன்றாம் அங்கம் விடியற்காலை காஸ்தெல் ஸான்தாஞ்ஜெலோவில்.

'லா த்ரவியாத்தா' கடைசி அங்கத்தில் காதலனின் தந்தை எழுதிய கடிதத்தை வியொலெத்தா வாசிக்கும் இடம் பாட்டே இல்லை, வயலின் அடியில் ஓட வெறும் பேச்சு. சண்டை நடந்தது, பிரபு காயமுற்றார், உண்மையை நானே சொல்லிவிட்டேன், அவன் வருவான், நானும் வருவேன். அரை நிமிடத்தில் மூன்று காலம். பாட்டு என்றாலே முகம் சுளிக்கும் மாணவருக்கு இதிலிருந்து தொடங்கலாம்.

விளம்பர மொழிக்கு தொனித்ஸெத்தியின் 'காதல் மருந்'தில் (1832, மிலான்) ஊர் ஊராகப் போகும் போலி வைத்தியர் துல்கமாராவின் முழக்கம். பல்வலியைப் போக்கும் அதே திரவம் எலியையும் மூட்டைப்பூச்சியையும் கொல்லுமாம். பேருந்து நிலையத்தில் லேகியம் விற்றவர் குரலைக் கேட்டவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது. வேகம் அதிகம், எனவே ஓட்டவேகத்தை 0.75க்குக் குறைக்கலாம். மற்றப் பாட்டுகளில் வேகத்தைக் குறைக்காதீர்கள். ஏற்கெனவே நீண்ட உயிர் மேலும் நீண்டு, குரல் நடுக்கம் ஊளையாகி, சொல்லின் எல்லையே தெரியாமல் போகும்.

'ஜான்னி ஸ்கிக்கி'யில் மகள் தந்தையிடம் கெஞ்சும் பாட்டு இரண்டரை நிமிடம்தான், 'நான் காதலித்தது வீண் என்றால் பாலத்துக்குப் போய்விடுவேன்' என்ற நிபந்தனை வாக்கியத்துக்கு அருமையானது. ஆனால் உரை எழுதிய ஃபொர்ட்ஸானோ 1970இல்தான் இறந்தார், ஐரோப்பாவில் அவர் சொற்களுக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது. முழு உரையை அச்சடித்து விநியோகிக்காமல் வேண்டிய இரண்டு வரியோடு நிறுத்துங்கள்.

கருவி விஷயங்கள். ஓபரா ஒலிப்பதிவில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடைவெளி மிகப் பெரிது. மடிக்கணினி ஒலிபெருக்கியில் மெல்லியது காணாமல் போகும், கூட்டிவைத்தால் அடுத்த நிமிடம் பக்கத்து வகுப்பு கதவைத் தட்டும். காட்சியின் மிக உரத்த இடத்தை முதலில் போட்டு அதற்கு ஒலியளவை நிறுத்துங்கள், தனி ஒலிபெருக்கி ஒன்று சின்னதாக இருந்தாலும் போதும். தொடக்கமும் முடிவும் நிமிடம், வினாடியாகக் குறித்துவையுங்கள். தானியங்கி வசனவரி பாட்டை ஏறத்தாழ பிடிப்பதேயில்லை, நம்பாதீர்கள். படத்திலேயே பதிந்த வசனவரி சுருக்கப்பட்டிருக்கும், திரும்பப் பாடும் வரிகளை விட்டிருக்கும். தாளிலுள்ள உரையோடு ஒத்துப்போகாது. மறைக்க வேண்டுமானால் திரையின் அடிப்பகுதியில் வெற்று நோட்பேடு சாளரத்தை நீளமாக இழுத்துவைத்தால் ஆயிற்று. ஓபராவிஷன் தளத்தில் பல அரங்குகளின் முழு நிகழ்ச்சிகள் வசனவரியோடு இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சில மாதங்களுக்கே. இத்தாலிய அரசு ஒளிபரப்பின் தளத்தில் சில நிகழ்ச்சிகள் நாட்டுக்கு வெளியே திறக்காது. அதனால் ஒரே காட்சிக்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கைவசம் வையுங்கள். நவீன மேடையமைப்பில் மீமி கையில் மெழுகுவத்திக்குப் பதில் வேறெதுவோ இருக்கலாம். ஒலியில்லாத முதல் சுற்றுக்கு மரபான அமைப்பே ஏற்றது.

ஜெர்மன் வகுப்பு என்றால் மோட்சார்ட்டின் 'மந்திரக் குழல்' (1791 செப்டம்பர் 30, வியன்னா). பாட்டுகளுக்கிடையே வெறும் பேச்சுவசனம் வருவதால் காதுப்பயிற்சி இயல்பாக அமைகிறது, பறவை பிடிக்கும் பாப்பகேனோவின் அறிமுகப் பாட்டும் பாரிட்டோனுக்கே எழுதியதுபோல் தெளிவு. பிரெஞ்சுக்கு 'கார்மென்' (1875) எடுப்பவர்கள் பேச்சுவசனம் உள்ள வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள். பிஸே இறந்தபின் கிரோ அந்த வசனங்களைப் பாட்டாக்கிச் சேர்த்த வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. காட்சியைத் தேர்ந்தெடுத்ததும் எந்த மொழியில் பாடுகிறார்கள் என்று முப்பது வினாடி கேட்டுவிடுங்கள். 'மந்திரக் குழல்' என்று தேடினால் முதலில் கண்ணில் படக்கூடிய பெர்க்மனின் 1975 படம் முழுக்க ஸ்வீடிஷ்.